கூட்டு வியாபாரமும் எங்க வீட்டு ஹீரோ ஹோண்டாவும்

எங்க வீட்டு வாசலில் ஒரு பைக் நிற்கிறது. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்ப்ளெண்டர். டேங்கில் ஹீரோ ஹோண்டா என்று போட்டிருக்கும். அந்தப் பெயரில் இப்போது கம்பெனியே கிடையாது. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவித்தார்கள். 2011ல் ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயரும் மாறிவிட்டது. ஆனால் எங்க ஊரில் இன்னும் பல பேருக்கு அது 'ஹீரோ ஹோண்டா வண்டி'தான்.

பி.காம் படிக்கிற பிள்ளை எதற்கு பைக் பற்றி எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். பைக் பற்றி இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தொழில் செய்வதைப் பற்றி. அதாவது ஜாயின்ட் வென்ச்சர். உடனே பக்கத்தை மூடிவிட்டு ஓடாதீர்கள், இது நோட்ஸ் இல்லை :-) எங்க வீட்டில் நடந்த கதை. அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பந்தல் கடை. சாமியானா, சேர், டேபிள், ஜமுக்காளம், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. அண்டா, வார்ப்பு, உருளி, சாம்பார் வாளி, கரண்டி என்று ஒரு ஷெட் நிறைய அடுக்கி வைத்திருப்பார். இந்தத் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. போட்ட முதல் எல்லாம் பாத்திரமாகவும் துணியாகவும் மூங்கிலாகவும் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, எல்லாம் ஷெட்டில் தூங்கும். தையிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்தத்துக்கு நாலு வீட்டுக்காரர்கள் வந்து நிற்பார்கள், அப்போது பாத்திரம் பத்தாது. 2020ல் கொரோனா வந்து கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று ஆனபோது அந்த ஷெட்டைத் திறக்கவே வேலையில்லாமல் போனது. அந்த வருடம் வாங்கிய கடனுக்கு அப்பா ரொம்ப நாள் வட்டி கட்டினார்.

அடுத்தது பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை. கல்யாணச் சமையல் செய்கிறவர். எங்க பக்கம் தவசிப்பிள்ளை என்று சொல்வோம். அப்பாவைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா அவரை 'அண்ணாச்சி' என்பார், அவர் அப்பாவைத் 'தம்பி' என்பார், நான் பிறந்ததிலிருந்தே எனக்குப் பெரியப்பா. மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு அவர் வைக்கிற சொதி இருக்கிறதே, அதற்காகவே ஆள் வரும். அடுப்பு முன்னால் நின்றால் ஒருத்தரோடும் பேச மாட்டார். உப்பு பார்ப்பதற்கு ருசிக்கவும் மாட்டார், கொதிக்கிற வாசனையிலேயே சொல்லிவிடுவார்.

இரண்டு பேரும் இருபது வருடமாக ஒரே கல்யாணங்களில் வேலை பார்த்தவர்கள். ஆனால் தனித்தனியாக. அப்பாவுக்குப் பாத்திர வாடகை, பெரியப்பாவுக்கு சமையல் கூலி. மளிகைச் சாமான் பெண் வீட்டுக்காரர்களே வாங்கித் தருவார்கள்.

கொஞ்ச வருடமாக இந்த வழக்கம் மாறிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் சென்னை, பெங்களூர் என்று போய்விட, ஊரில் இருக்கிற வயசான அம்மா அப்பாவுக்கு அலைய முடியவில்லை. "இலைக்கு இவ்வளவுன்னு சொல்லுங்க, பந்தல்ல இருந்து பாயசம் வரைக்கும் நீங்களே பாத்துக்கிடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டவுன் பக்கம் பெரிய கேட்டரிங்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எங்க அப்பாவால் முடியாது, அவருக்கு சமைக்கத் தெரியாது. பெரியப்பாவாலும் முடியாது, அவரிடம் பாத்திரம் இல்லை, விலை பேசவும் வராது. இரண்டு பேருமே கல்யாணங்களை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் நான் காலேஜில் முதல் வருடம். புதுசாகப் படித்ததை வீட்டில் வந்து கொட்டுகிற வயசு. (நீங்க எல்லாரும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள், ஒத்துக்கொள்ளுங்கள்.) ஒரு ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் ஜாயின்ட் வென்ச்சர் என்றால் என்ன என்று ஒரு லெக்சரே எடுத்தேன்.

"உங்ககிட்ட பாத்திரம் இருக்கு, பெரியப்பாகிட்ட கைப்பக்குவம் இருக்கு. ரெண்டும் சேந்தா முழு கான்ட்ராக்ட் எடுக்கலாம்லா. ரெண்டு பேரும் புதுசா ஒரு பைசா முதல் போட வேண்டாம்."

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "கூட்டு வியாபாரம் குடும்பத்துக்கு ஆகாதுன்னு எங்க ஐயா சொல்லுவாரு" என்றார்.

"அது அந்தக் காலம்ப்பா" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

நான் விடவில்லை. பெரியப்பா வீட்டுக்கும் போய் அதே லெக்சரை எடுத்தேன். விசிட்டிங் கார்டு நானே டிசைன் செய்தேன். 'பந்தல் முதல் பந்தி வரை' என்று மேலே போட்டு, கீழே இரண்டு பேர் போன் நம்பரும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துத் தொடங்கினார்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. "செலவு போக மிச்சத்துல பாதிப் பாதி" என்று பெரியப்பா சொன்னார். "சரி அண்ணாச்சி" என்று அப்பா சொன்னார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஓடியது. நன்றாகவே ஓடியது. முதல் வருடம் 14 கல்யாணம் சேர்ந்து எடுத்தார்கள். முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு விட்டால் அப்பாவுக்கு 20,000 ரூபாய் கிடைப்பதே பெரிசு. முழு கான்ட்ராக்டில் சில கல்யாணத்துக்கு அதில் இரண்டு பங்கு வந்தது. தம்பியை பாலிடெக்னிக்கில் சேர்த்தது அந்தப் பணத்தில்தான்.

ஏன் ஓடியது என்று இப்போது யோசித்தால் காரணம் தெளிவாக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்த வீடுகள் பெரியப்பாவுக்கு வந்தன, பெரியப்பாவின் சொதிக்கு ரசிகர்களாக இருந்த வீடுகள் அப்பாவுக்கு வந்தன. வாங்குகிற அட்வான்ஸில் மளிகை வாங்க முடிந்தது, கடன் வாங்க வேண்டியதில்லை. அப்பா 100 இலைக்கு எத்தனை கிலோ அரிசி என்று கற்றுக்கொண்டார். பெரியப்பா வாடிக்கையாளரிடம் "இந்த ரேட்டுக்கு முடியாது" என்று சொல்லக் கற்றுக்கொண்டார், அது அவருக்கு ரொம்பப் பெரிய விஷயம் :-) ஒருத்தரிடம் சும்மா கிடப்பது இன்னொருத்தருக்குத் தேவையாக இருக்க வேண்டும், அதுதான் கூட்டின் அடிப்படை. இரண்டு பந்தல் கடைக்காரர்கள் சேர்ந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆடியில் இரண்டு ஷெட் தூங்கியிருக்கும், அவ்வளவுதான்.

பிரச்சினை இரண்டாவது வருடம் வந்தது. ஒரே நாளில் வரவில்லை. மூன்று விஷயம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தது.

முதலாவது, ஒரு தை முகூர்த்தத்துக்கு அப்பா பாதிப் பாத்திரத்தை வேறு ஒரு சமையல்காரருக்கு வாடகைக்கு விட்டார். பழைய வாடிக்கை, மறுக்க முடியவில்லை. அன்றைக்குக் கூட்டுக் கல்யாணத்தில் பெரியப்பா சின்ன அண்டாவில் இரண்டு தடவை சோறு வடிக்க வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் அவர் வேறு ஒரு பந்தல்காரரோடு ஒரு வளைகாப்புக்குச் சமைக்கப் போனார். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, 'செலவு போக மிச்சம்' என்றார்களே, எது செலவு? பாத்திரம் அப்பாவுடையது. தேய்கிறது, நசுங்குகிறது, கரண்டி காணாமல் போகிறது. அதற்கு வாடகை உண்டா? பெரியப்பா இரண்டு நாள் அடுப்பில் நிற்கிறார். வெளியில் போனால் அதற்குக் கூலி. கூட்டுக் கல்யாணத்தில் உண்டா? அப்பா மனசில் பாத்திர வாடகை உண்டு, மாஸ்டர் கூலி கிடையாது. பெரியப்பா மனசில் அப்படியே தலைகீழ். இரண்டு பேரும் இதை வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை.

மூன்றாவதுதான் வெடித்தது. ஆவணியில் ஒரு கல்யாணம். மொத்தம் 4,20,000 ரூபாய்க்குப் பேசியது. 700 பேர் என்று சொன்னார்கள், வந்தது அதைவிட ரொம்ப அதிகம். சாயங்கால ரிசப்ஷனில் கடைசிப் பந்திக்கு பாயசம் இல்லை, கூட்டு இல்லை. கல்யாண வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். பாக்கி 70,000 ரூபாயைத் தர மாட்டேன் என்றுவிட்டார்.

"சாப்பாடு பத்தலைன்னுதான பாக்கி நிக்கி" என்று அப்பா வீட்டில் சொன்னது எப்படியோ பெரியப்பா காதுக்குப் போனது. "ஆள் கணக்கு பேசுனது நானா? ரூவா வாங்கி வச்சிருக்கது நானா?" என்று அவர் கேட்டது எங்கள் காதுக்கு வந்தது. அதோடு பேச்சு நின்றது.

அந்த வருடம் தீபாவளிக்கு பெரியப்பா வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அம்மா என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "ஏட்டி, நீ சும்மா படிச்சிருக்கலாம்."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் பழைய புத்தகங்களை அடுக்கும்போது முதல் வருட அக்கவுண்டன்சி புத்தகம் கையில் வந்தது. ஜாயின்ட் வென்ச்சர் பாடம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 'ஏ'யும் 'பி'யும் சேர்ந்து சரக்கு வாங்குவார்கள், 'ஏ' வண்டிக்கூலி கொடுப்பார், 'பி' விற்பார், லாபத்தைக் கண்டுபிடி. அந்தக் கணக்கை எல்லாம் நான் முழு மார்க் வாங்கப் போட்டேன். கடைசி வரியில் 'ஏ', 'பி'க்கு இவ்வளவு அனுப்பி கணக்கைத் தீர்த்தார் என்று வரும். அந்த வரியை ஒரு நாளும் நான் கவனித்ததில்லை. ஒவ்வொரு கணக்கும் தீர்த்துத்தான் முடியும். எங்க வீட்டில் 14 கல்யாணமும் அதற்கு மேலேயும் நடந்தது, ஒன்றைக்கூட தீர்க்கவில்லை. வருகிற பணத்தில் கொஞ்சம் இவர், கொஞ்சம் அவர் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

அப்பாவின் டைரியை எடுத்தேன். பெரியப்பாவின் செலவுச் சீட்டுகள் எப்போதும் அப்பாவிடம்தான் இருக்கும், ஒரு மஞ்சள் பையில். அந்த ஆவணிக் கல்யாணத்துக்கு மட்டும் கணக்குப் போட்டேன்.

பெரியப்பா கைச் செலவு: மளிகை, காய்கறி, பால் 1,62,000. சமையல் ஆட்கள் கூலி 58,000. கேஸ் 12,000. ஆக 2,32,000.

அப்பா கைச் செலவு: பந்தல் ஆள் கூலி, லோடு வண்டி 34,000. இலை, தண்ணீர் கேன் 21,000. வெளியில் வாங்கிய சேர் வாடகை 15,000. ஆக 70,000.

வந்த பணம் 3,50,000. எல்லாம் அப்பா கையில் வந்தது, பில் புக் அவருடையது. அதில் பெரியப்பாவுக்குக் கொடுத்தது 2,40,000.

இப்போது பாருங்கள். பெரியப்பா வாங்கியது 2,40,000, செலவு செய்தது 2,32,000. அவர் கையில் நின்றது வெறும் 8,000. இரண்டு நாள் அடுப்படியில் நின்றதற்கு. அப்பா கையில் நின்றது 40,000. அந்த நாற்பதாயிரத்தை வைத்துக்கொண்டுதான் அப்பா 'எனக்கு எழுபதாயிரம் போச்சே' என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏமாற்றவில்லை. சத்தியமாக இல்லை. பாக்கி வந்ததும் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பாக்கி வரவில்லை, அதனால் தீர்க்கவும் இல்லை. கையில் இருக்கிற பணம் கொஞ்ச நாளில் நம் பணம் மாதிரியே தெரிய ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது.

அப்புறம் நியாயமாக ஒரு கணக்குப் போட்டேன். பாத்திரத்துக்கும் பந்தலுக்கும் அப்பாவுக்கு வாடகை 22,000. மாஸ்டர் கூலி பெரியப்பாவுக்கு 14,000. இரண்டையும் கூட்டின் செலவாக எழுதினால், வந்த பணத்தில் மிச்ச லாபம் 12,000. ஆளுக்கு 6,000. அப்படியானால் அப்பாவுக்குச் சேர வேண்டியது 28,000. பெரியப்பாவுக்கு 20,000. அப்பா கையில் 40,000 இருக்கிறது. ஆக, அந்த எழுபதாயிரம் வராமலே போனாலும், அப்பா பெரியப்பாவுக்கு 12,000 தர வேண்டும்.

மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். தப்பாக இருக்காதா என்று ஆசையாக இருந்தது. வாடகையும் கூலியும் இல்லாமல் வெறும் பாதிப் பாதி என்று போட்டால் இன்னும் மோசம், 16,000 தர வேண்டி வரும்.

அந்த செமஸ்டரில்தான் எங்களுக்கு ஒரு அசைன்மென்ட். நான் ஹீரோ ஹோண்டாவை எடுத்தேன். வாசலில் நிற்கிற வண்டிதானே என்று சுலபமாக எடுத்தது, படிக்கப் படிக்க எங்க வீட்டுக் கதையாகவே இருந்தது.

ஹீரோ என்பது லூதியானாவில் சைக்கிள் பாகங்கள் செய்வதில் ஆரம்பித்த முஞ்ஜால் சகோதரர்களின் தொழில். 1956ல் ஹீரோ சைக்கிள்ஸ். ஊர் ஊராக டீலர்கள் இருந்தார்கள், ஆனால் மோட்டார் சைக்கிள் எஞ்சின் செய்யத் தெரியாது. ஹோண்டாவுக்கு எஞ்சின் தெரியும், இந்தியக் கடைத்தெரு தெரியாது. 1984ல் சேர்ந்தார்கள், ஆளுக்கு 26 சதவீதம். 1985ல் சி.டி.100 வந்தது. 2001ல் எண்ணிக்கையில் உலகத்திலேயே அதிக இருசக்கர வண்டி செய்கிற கம்பெனி ஆகிவிட்டார்கள். பாத்திரமும் கைப்பக்குவமும் சேர்ந்த கதைதான்.

ஆனால் 1999லேயே ஹோண்டா இந்தியாவில் தனியாக இன்னொரு கம்பெனி ஆரம்பித்துவிட்டது. 2001ல் ஆக்டிவா வந்தது. ஒரே வீட்டுக்குள் கூட்டாளியும் போட்டியாளரும். இன்னொரு பக்கம், ஹீரோ வெளிநாட்டில் விற்பதற்கு ஹோண்டாவின் கட்டுப்பாடு. எஞ்சினுக்கு கடைசி வரை ஹோண்டாவைத்தான் நம்பியிருக்க வேண்டும். 26 வருடம் சேர்ந்து இருந்துவிட்டுப் பிரிந்த பிறகுதான் ஹீரோ தன் ஆராய்ச்சியில் பெரிதாகப் பணம் போட்டது. 2016ல் ஜெய்ப்பூரில் அதற்கென்று தனி மையமே திறந்தார்கள்.

நம்ம ஊர் கதையும் உண்டு. ஓசூரில் டி.வி.எஸ்ஸும் சுசூகியும் 1980களில் சேர்ந்தார்கள். 2001ல் பிரிந்தார்கள். பிரியும்போது சுசூகியின் பங்கை டி.வி.எஸ் வாங்கிக்கொண்டது, 30 மாதத்துக்கு சுசூகி இங்கே போட்டிக்கு வருவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். அதே 2001ல் டி.வி.எஸ் சொந்தமாக வடிவமைத்த விக்டர் வந்தது.

இதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். இவர்கள் சேர்ந்ததும் தப்பில்லை, பிரிந்ததும் தப்பில்லை. கூட்டு என்பது ஒரு காரியத்துக்காக. காரியம் முடிந்தால் கணக்கும் முடியும். நான் அப்பாவுக்கு எடுத்த லெக்சரில் சேருவதைப் பற்றி மட்டும் சொன்னேன். எப்படி முடிப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

சட்டத்திலும் இது இருக்கிறது. 1932ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 8ஆம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் இரண்டு பேர் கூட்டு சேரலாம் என்கிறது. வேறு மாதிரி பேசிக்கொள்ளவில்லை என்றால், அந்த வேலை முடிந்ததும் கூட்டும் கலைந்துவிடும் என்கிறது 42ஆம் பிரிவு. லாபத்தைப் பற்றி ஒன்றும் பேசாவிட்டால் சமபங்கு, நஷ்டத்திலும் சமபங்கு என்கிறது 13ஆம் பிரிவு. கூட்டாளி உழைப்புக்குத் தனியாகச் சம்பளம் வேண்டுமென்றால் அதை முன்னாலேயே பேசியிருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். 69ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. அந்த 70,000க்கு கோர்ட்டுக்குப் போகலாமா என்று அப்பா யோசித்தபோது எங்க மேடம் இதைத்தான் சொன்னார். இந்தப் பிரிவை எல்லாம் நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன் என்பதுதான் கொடுமை.

சரி, அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றினேன். மூன்றாவது நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மேசையில் வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

"மாஸ்டர் கூலி எதுக்கு போட்டிருக்க?"

"பாத்திர வாடகை போட்டிருக்கேம்லாப்பா. அப்ப அதும் போடணும்லா."

"எழுபதாயிரத்த எங்க காங்கல?"

"அது வரலையேப்பா. வந்தா ஆளுக்குப் பாதி. வரலைன்னா ஆளுக்குப் பாதி நட்டம். உங்களுக்கு மட்டும் போகல."

அப்பா நோட்டை மூடி வைத்துவிட்டார். கோபமா என்று தெரியவில்லை. "போயி காப்பி வாங்கிட்டு வா" என்றார். வாங்கிவந்தேன். குடித்தார். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலையில் ஏழு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு, "நீயும் வா, நோட்ட எடுத்துக்கோ" என்றார்.

பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் உள்ளே இருந்து வந்து "வாங்க கொழுந்தனாரே" என்றாள். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துத் திண்ணையில் வைத்தார்.

"அண்ணாச்சி, பன்னெண்டாயிரம் இருக்கு. உங்க பணம். எங்கிட்ட நின்னுபோச்சு. பிள்ள கணக்கு போட்டா. எனக்கு நேத்துதான் தெரியும்."

பெரியப்பா கவரைத் தொடவில்லை. என்னிடம் கையை நீட்டி நோட்டை வாங்கினார். அவருக்கு அவ்வளவாக எழுத்து கூடாது, எண்கள் தெரியும். கேஸ் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இதுல ரெண்டாயிரம் வளைகாப்பு வீட்டு சிலிண்டரு தம்பி. சீட்டு மாறி வந்திருக்கும். அதக் கழிக்கணும்" என்றார்.

அதைக் கேட்டதும் அப்பா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எதற்கென்று தெரியவில்லை. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டேன். செலவு 2,000 குறைந்தால் லாபம் 14,000, ஆளுக்கு 7,000. அப்பாவுக்குச் சேர வேண்டியது 29,000. அப்பா தர வேண்டியது 11,000 என்று ஆனது. பெரியப்பா கவரிலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்புறம்தான் கவரை எடுத்து மடியில் வைத்தார். பெரியம்மா இட்லி வைத்தாள்.

உடனே பழையபடி சேர்ந்துவிட்டார்கள் என்று சினிமா மாதிரி முடிக்க முடியாது. மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த கூட்டுக் கல்யாணம் எடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு முழுப் பேப்பரில் ஐந்து விஷயம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுதியது நான், சொன்னது அவர்கள்.

1. ஒவ்வொரு கல்யாணமும் தனிக் கூட்டு. முடிந்த பத்து நாளில் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். பாக்கி வந்தாலும் வராவிட்டாலும் கையில் வந்த பணத்துக்குத் தீர்க்க வேண்டும்.

2. பாத்திர வாடகையும் மாஸ்டர் கூலியும் முதலில் செலவு. அப்புறம் மிச்சத்தில் பாதிப் பாதி. நஷ்டமும் பாதிப் பாதி.

3. பணம் யார் வாங்கினாலும் அன்றைக்கே இரண்டு நோட்டிலும் எழுத வேண்டும். பேசிய இலைக்கு மேல் போனால் இலைக்கு இவ்வளவு என்று கல்யாண வீட்டாரிடம் முன்னாலேயே எழுதி வாங்க வேண்டும்.

4. கூட்டு இல்லாத நாளில் யாரும் யாரோடும் வேலை செய்யலாம். கூட்டு இருக்கிற முகூர்த்தத்துக்கு பெரிய அண்டாவும் பெரியப்பாவும் வேறு எங்கும் போகக் கூடாது. (இந்த வரியை அவர்கள் சொன்னபடியே எழுதினேன் :-) )

5. இனிமேல் வேண்டாம் என்று யார் நினைத்தாலும் சொல்லிவிடலாம். ஒப்புக்கொண்ட கல்யாணங்களை முடித்துக் கொடுத்துவிட்டுப் பிரியலாம். கார்டில் இருக்கிற பெயரை அதற்கப்புறம் இரண்டு பேரும் தனியாகப் போடக் கூடாது.

ஐந்தாவதை எழுதும்போது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பிக்கும்போதே பிரிவதைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்றாள். பெரியப்பாதான் சொன்னார், "அடுப்ப மூட்டும்போதே எப்ப அணைக்கணும்னு தெரிஞ்சுதான் மூட்டுவோம் தாயி." அதற்குமேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பேப்பரால் 69ஆம் பிரிவின் சிக்கல் தீர்ந்துவிடாது, அது எனக்குத் தெரியும். நிறுவனமாகப் பதிவு செய்யலாமா, 2008ஆம் வருடத்து சட்டப்படி எல்.எல்.பி ஆக்கலாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கல்யாணத்துக்கு இதுவே போதும் என்கிறார்கள். இந்தத் தடவை நான் லெக்சர் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே முழுப் பணத்தையும் வாங்கிவிடுகிறார்கள். பழைய 70,000ல் 30,000 வந்தது, ஆளுக்கு 15,000. மிச்சம் வரவில்லை, வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

சின்னத் தொழிலை வளர்க்க ஜாயின்ட் வென்ச்சர் நல்ல வழியா என்று யாராவது பரீட்சையில் கேட்டால் நான் ஆமாம் என்றுதான் எழுதுவேன். எங்க வீட்டில் அது வேலை செய்தது. ஆனால் கூடவே இதையும் எழுதுவேன்: யார் எதைக் கொண்டுவருகிறார், அதற்கு என்ன விலை, எப்போது கணக்குத் தீர்ப்பது, எப்படிப் பிரிவது. இந்த நாலையும் தேங்காய் உடைப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள். நம்பிக்கை இருக்கிறவர்கள்தான் இதைப் பேச முடியும். பேசாமல் விட்டால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். உங்கள் வீட்டிலும் யாராவது நண்பரோடு சேர்ந்து கடை போடப் போகிறார் என்றால், ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். இல்லை, இரண்டு நோட்டு. ஆளுக்கு ஒன்று.

போன தீபாவளிக்கு பெரியப்பா வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து வந்தது. அப்பா அந்த ஸ்ப்ளெண்டரில்தான் போய் வாங்கிவந்தார். "இத வித்துட்டு வேற வாங்குங்கப்பா, பேரே மாறிப்போச்சு" என்று தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிறான். "எஞ்சின் நல்லாத்தான ஓடுது" என்கிறார் அப்பா.